மீன்தொட்டி வடிகட்டியில் உயிரியல் ஊடகம்: ஒரு வரலாறு

உயிரியல் வடிகட்டி ஊடகம் என்பது, மீன்தொட்டி நீரிலுள்ள அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் ஒட்டி வாழ்வதற்காக வடிகட்டிக்குள் இடப்படும் பொருளாகும். மணல், சரளை, எரிமலைக்கல், நுரைப்பஞ்சு, பீங்கான் வளையம், நுண்துளைக் கண்ணாடி, பிளாஸ்டிக் பந்து எனப் பல பொருள்கள் இன்று இதற்குப் பயன்படுகின்றன. தொட்டிக்கு வெளியே வைக்கப்படும் மூடிய கலனான கேனிஸ்டர் வடிகட்டியில் இவற்றுள் எதை இடுவது என்பது மீன் வளர்ப்போரிடையே ஓயாத கேள்வி. ஒரு லிட்டர் ஊடகத்துக்கு எத்தனை சதுர மீட்டர் பரப்பு என்ற எண்ணை வைத்தே பெரும்பாலும் தேர்வு நடக்கிறது.

ஆனால் இந்த ஊடகங்களுள் ஏறக்குறைய எதுவும் கேனிஸ்டருக்காகப் பிறந்ததல்ல. சில கழிவுநீர் நிலையத்திலிருந்தும், சில வேதியியல் ஆலையின் கோபுரத்திலிருந்தும், சில நுண்ணுயிர் ஆய்வகத்திலிருந்தும் மீன்தொட்டிக்கு வந்தவை. பிறந்த இடத்தில் சிறப்பாக வேலை செய்த குணம், மூடிய கலனுக்குள் வந்தபின் சில வேளை பயனற்றுப் போனது. அந்தப் பயணத்தை அறியாமல் எண்ணை மட்டும் ஒப்பிடுவதால்தான், விலை உயர்ந்த ஊடகம் நிறைந்த வடிகட்டி ஓடும் தொட்டியிலும் மீன்கள் சாகின்றன.

ஒரு தந்தை, ஒரு மகன்

லண்டன் மருந்தாளர் சங்கத்தில் வேதியியலாளராக இருந்த ராபர்ட் வாரிங்டன் (1807–1867), 1849-இல் 12 காலன் கொள்ளளவுள்ள ஒரு கண்ணாடிக் கலத்தில் இரண்டு சிறு தங்கமீன்களை விட்டார். அடியில் மணலும் சேறும் கற்களும் இருந்தன. அவற்றில் வாலிஸ்னேரியா என்னும் நீர்த்தாவரம் நடப்பட்டிருந்தது. தாவரத்தின் அழுகிய இலைகளால் நீர் கலங்கியபோது, அவற்றைத் தின்னும் நத்தைகளைச் சேர்த்தார். நீர் தெளிந்தது. மீன் விடும் கரியமில வாயுவைத் தாவரம் எடுத்துக்கொள்கிறது, தாவரம் விடும் ஆக்சிஜனை மீன் சுவாசிக்கிறது, அழுகலை நத்தை தின்கிறது என்ற சமநிலையை 1850-இல் வேதியியல் கழகத்தின் இதழில் அவர் விளக்கினார். சில ஆண்டுகளில் ஃபிலிப் ஹென்றி காஸ் எழுதிய ‘தி அக்வாரியம்’ (1854) நூலும், லண்டன் விலங்குக்காட்சிச் சாலையில் 1853-இல் திறக்கப்பட்ட மீன் மாளிகையும் இங்கிலாந்தில் மீன்தொட்டியை ஒரு வீட்டு மோகமாக்கின.

வாரிங்டனின் விளக்கம் பிழையன்று. ஆனால் அதில் ஓர் உறுப்பினர் விடுபட்டிருந்தார். மீன் தன் நைட்ரஜன் கழிவில் பெரும்பகுதியைச் செவுள் வழியே அம்மோனியாவாக வெளியேற்றுகிறது. அந்த அம்மோனியா எங்கே போயிற்று என்பதை அவர் கேட்கவில்லை. ஒரு பகுதியைத் தாவரம் உறிஞ்சியிருக்கும். மீதியை அடியிலிருந்த மணலும் கற்களும் தாங்கிய நுண்ணுயிர்கள் மாற்றியிருக்கும். முதல் உயிரியல் ஊடகம், யாரும் அப்படி அழைக்காமலேயே, அந்தக் கலத்தின் அடியில் கிடந்தது.

விடுபட்ட உறுப்பினரைத் தேடியவர்களுள் முக்கியமானவர் அவருடைய மகனே. அவர் பெயரும் ராபர்ட் வாரிங்டன் (1838–1907) என்பதால் நூல்களில் இருவரும் அடிக்கடி ஒருவராகிவிடுகின்றனர். தந்தையின் ஆய்வகத்தில் வேதியியல் பழகிய மகன், பின்னர் ரோத்தம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் மண்ணில் நைட்ரேட் உருவாகும் விதத்தை ஆராய்ந்தார்.

அவருக்கு முன்னோடியாக அமைந்தது 1877-இல் பிரான்சில் ஷ்லோசிங், முன்ட்ஸ் ஆகியோர் செய்த சோதனை. மணலும் சுண்ணாம்புக்கல் தூளும் நிரப்பிய நீண்ட குழாய் வழியாகக் கழிவுநீரை மெல்லச் சொட்டவிட்டனர். முதல் 20 நாள்கள் அம்மோனியா அப்படியே வெளியே வந்தது. பின்னர் நைட்ரேட் தோன்றத் தொடங்கி, அம்மோனியா மறைந்தது. குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தியதும் மாற்றம் நின்றது. அதை நீக்கிய பிறகும் தானாகத் தொடங்கவில்லை. தோட்ட மண்ணைக் கழுவிய நீரைச் சிறிது ஊற்றிய பிறகே மீண்டும் தொடங்கியது. வேலை செய்வது மணல் அல்ல, மணலில் குடியேறிய உயிர்கள் என்பது இதனால் தெளிவாயிற்று. புதிய தொட்டி ‘பழக’ மூன்று முதல் ஆறு வாரம் ஆகும் என்று இன்று கடைக்காரர் சொல்வதற்கு இந்தக் குழாயே மிகப் பழைய சான்று.

மகன் வாரிங்டன் இச்சோதனையை உறுதி செய்ததோடு, மாற்றம் இரண்டு படிகளில் நடப்பதையும் காட்டினார்: அம்மோனியாவிலிருந்து நைட்ரைட், நைட்ரைட்டிலிருந்து நைட்ரேட். இரண்டையும் வெவ்வேறு நுண்ணுயிர்கள் செய்கின்றன என்பது அவர் முடிவு. அவற்றைத் தனியே பிரித்தெடுக்கப் பல ஆண்டு முயன்றும் அவருக்குக் கைகூடவில்லை. அக்கால ஆய்வகங்கள் பயன்படுத்திய ஜெலட்டின் தட்டுகளில் இந்த உயிர்கள் வளர மறுத்தன. கரிமப் பொருளே இல்லாத ஊடகத்தில் வளர்த்து 1890-இல் அவற்றைப் பிரித்தவர், அப்போது சூரிச்சில் இருந்த ரஷ்ய அறிஞர் செர்கேய் வினோகிராட்ஸ்கி. நைட்ரோசோமோனாஸ், நைட்ரோபாக்டர் என்ற பெயர்கள் அவர் வழங்கியவை.

தந்தையின் தொட்டியையும் மகனின் கண்டுபிடிப்பையும் ஒன்றாக வைத்துப் பார்க்க மீன்வளர்ப்பு உலகத்துக்கு மேலும் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது என்பது வியப்புக்குரியது. 1871-இல் லண்டன் கிறிஸ்டல் பேலஸில் வில்லியம் ஆல்ஃபோர்டு லாயிட் அமைத்த பெரிய காட்சியகத்தில், காட்சித் தொட்டிகளிலிருந்து வந்த கடல்நீர் நிலத்தடி இருட்டுத் தேக்கத்தில் சேர்ந்து, பம்பு மூலம் மீண்டும் மேலே வந்தது. நீரை இடைவிடாமல் ஓட்டிக் காற்றோடு கலப்பதே அதைத் தூய்மையாக வைக்கும் என்பது லாயிடின் கொள்கை. அவர் சொன்ன காரணம் முழுமையற்றது. செய்த செயல் சரியானது.

கழிவுநீர் நிலையத்தின் கற்கள்

ஊடகம் என்ற கருத்து முதலில் உருப்பெற்றது கழிவுநீர்த் துறையில். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1887-இல் தொடங்கப்பட்ட லாரன்ஸ் ஆய்வு நிலையத்தில், மணல் முதல் பெரிய சரளை வரை பலவகைப் படுக்கைகளில் கழிவுநீரை விட்டுவிட்டுப் பாய்ச்சினர். சரளைக்கற்களின் இடைவெளி எதையும் வடிகட்டித் தடுக்க முடியாத அளவுக்குப் பெரியது. ஆயினும் கற்களின் மேல் மெல்லிய படலமாக, காற்றுப் படும்படி நீர் வழிந்தால் அது தூய்மையாயிற்று. உயிரியல் வடிகட்டி சல்லடை அல்ல என்ற பாடம் இங்கே கிடைத்தது. இன்றும் ‘நீர் தெளிவாக இருக்கிறது, ஆகவே வடிகட்டி வேலை செய்கிறது’ என்று எண்ணுவோர் தவறவிடும் பாடமும் இதுதான்: அம்மோனியாவுக்கு நிறம் இல்லை.

1890களிலிருந்து இங்கிலாந்திலும் பின்னர் அமெரிக்காவிலும் கல், கரி, உலைக்கசடு ஆகியவற்றால் ஆன சொட்டு வடிகட்டிகள் பரவின. அவற்றில் கல்லின் அளவு பற்றி நீண்ட விவாதங்கள் நடந்தன. சிறிய கல்லுக்குப் பரப்பு அதிகம்; ஆனால் உயிர்ப்படலம் தடித்து இடைவெளி அடைபட்டதும் காற்று நின்று படுக்கை நாறத் தொடங்கும். ஆகவே பொறியாளர்கள் பரப்பைக் குறைத்துக்கொண்டு பெரிய கல்லை நாடினர். மீன்தொட்டிக்காரர்கள் நூறு ஆண்டு கழித்து மீண்டும் நடத்திய விவாதமும் ஏறக்குறைய இதேதான்.

சரளைக்கு அடியில்

20ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் வீட்டுத் தொட்டிகளின் வடிகட்டி, கண்ணாடி இழையும் கரியும் அடைத்த ஒரு சிறு பெட்டி. காற்றுக்குமிழ் அதனூடாக நீரை இழுத்தது. அழுக்கைப் பிடிப்பதே அதன் நோக்கமாகக் கருதப்பட்டது. பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் எறிந்துவிட்டுப் புதிதாக அடைத்தவர்கள், அடுத்த வாரம் மீன்கள் ஏன் மேல்மட்டத்தில் மூச்சுக்குத் திணறின என்று அறியவில்லை.

1950களில் பரவிய சரளையடி வடிகட்டி நிலைமையை மாற்றியது. துளையிட்ட தட்டை அடியில் வைத்து, அதன்மேல் சரளையைப் பரப்பி, நீரைச் சரளை வழியே கீழே இழுத்து மேலே விடும் எளிய அமைப்பு அது. தொட்டியின் அடித்தளம் முழுவதும் ஊடகமாயிற்று. கடல்மீன்களை வீட்டில் வளர்ப்பதைப் பரப்பிய ராபர்ட் ஸ்ட்ரான், 1959-இல் வெளியிட்ட நூலில் இம்முறையை ஆதரித்தார். ஏறக்குறைய அதே காலத்தில், 1961-இல், ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் முற்றிலும் வேறொரு வழியைக் காட்டினார்: கடலிலிருந்து எடுத்த உயிருள்ள பவளப்பாறைத் துண்டுகளும் காற்றுக்குமிழும் மட்டும். பாறையே ஊடகம். அப்போது பெரிதாகக் கவனிக்கப்படாத இந்த யோசனை, பின்னர் பெர்லின் பவள வளர்ப்போர் கையில் வளர்ந்து கடல்தொட்டிகளின் பொது வழக்கமாயிற்று.

சரளைப் படுக்கையை முதலில் எண்களால் அளந்தவர்கள் ஜப்பானியர். நகரக் காட்சியகங்களுக்குக் கடல்நீர் கொண்டுவருவது செலவு மிகுந்த வேலை. ஆகவே ஒரே நீரைச் சுற்றிச் சுற்றிப் பயன்படுத்தும் கணக்கு அங்கே தேவைப்பட்டது. 1960களில் ஹிராயாமா என்ற ஆய்வாளர், மணல் வடிகட்டியின் திறனை அது நிமிடத்துக்கு எவ்வளவு ஆக்சிஜனைச் செலவழிக்கிறது என்பதைக் கொண்டு அளந்தார். அவருடைய கணக்கில் மணலின் பருமன் ஒரு காரணி மட்டுமே. நீர் ஓடும் வேகம், படுக்கையின் ஆழம், பரப்பு ஆகியவையும் சேர்ந்தே திறனைத் தீர்மானித்தன. 1970-இல் ஸ்டீஃபன் ஸ்பாட் எழுதிய மூடிய நீரமைப்புகள் பற்றிய நூல் இத்தகைய ஆய்வுகளை ஆங்கில வாசகர்களுக்குக் கொண்டுவந்தது. நைட்ரஜன் சுழற்சி என்ற சொல் மீன் வளர்ப்போர் வாயில் புழங்கத் தொடங்கியது அதன் பின்னர்தான்.

சரளையடி வடிகட்டிக்கு ஒரு குறை இருந்தது. ஊடகமும் அழுக்குக் கிடங்கும் ஒன்றே. தட்டுக்கு அடியில் சேறு சேர்ந்தால் தொட்டியையே கலைத்துக் கழுவ வேண்டும். ஊடகத்தைத் தொட்டிக்கு வெளியே கொண்டுபோக வேண்டும் என்ற எண்ணத்துக்கு இது முக்கியக் காரணம்.

மூடிய கலன்

ஜெர்மனியில் குந்தர் எஹைம் 1949-இல் தொடங்கிய நிறுவனம், 1960களில் மூடிய வெளிக்கலன் வடிகட்டியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. தொட்டியிலிருந்து குழாய் வழியே இறங்கும் நீர், காற்றுப் புகாத கலனிலுள்ள ஊடகத்தைக் கடந்து, பம்பினால் மேலேற்றப்பட்டுத் தொட்டிக்குத் திரும்பும். நீர் விளிம்பு தாண்டிக் கொட்டாது, ஓசையும் குறைவு, தொட்டிக்குக் கீழே அலமாரியில் ஒளித்து வைக்கலாம். இன்று உலகெங்கும் விற்கும் கேனிஸ்டர்கள் இந்த வடிவின் வழித்தோன்றல்களே.

இந்த வசதியின் விலை ஆக்சிஜன். திறந்த சொட்டு வடிகட்டியில் நீர் ஓடும்போதே காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொண்டே இருக்கும். மூடிய கலனுக்குள் நுழையும் நீர் எவ்வளவு ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கிறதோ அவ்வளவுதான். 25 பாகை செல்சியஸில் நிறைவடைந்த நன்னீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 8 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கும். 30 பாகையில் 7.5. ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக்க 4.57 மில்லிகிராம் ஆக்சிஜன் வேண்டும். இது மட்டுமென்றால் போதுமானதே. ஆனால் கலனில் தேங்கும் உணவுத் துகளையும் மலத்தையும் சிதைக்கும் வேறு பாக்டீரியாக்கள் மிக வேகமாகப் பெருகுபவை. ஆக்சிஜனுக்கான போட்டியில் நைட்ரேற்ற நுண்ணுயிர்களை அவை எளிதில் முந்திவிடும். சில பாக்டீரியாக்கள் அரை மணியில் இரட்டிப்பாகும். நைட்ரேற்றம் செய்பவற்றுக்கு நல்ல சூழலிலும் அரை நாளிலிருந்து ஒரு நாளுக்கு மேல் ஆகும்.

ஆகவே கேனிஸ்டரில் உயிரியல் ஊடகத்தின் தலைவிதியை அதற்கு முன்னால் இருக்கும் பஞ்சு தீர்மானிக்கிறது. கரடுமுரடான ஊடகம் முதலில், நுரைப்பஞ்சு அடுத்து, உயிரியல் ஊடகம் அதன் பின் என்ற வரிசை அழகுக்காக வந்ததல்ல. மின்சாரம் நின்றால் என்ன ஆகும் என்பதும் இதிலிருந்தே விளங்கும்: ஓட்டமில்லாத கலனுக்குள் ஆக்சிஜன் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். நீண்ட மின்வெட்டுக்குப் பிறகு, கலனிலுள்ள நாற்றமடித்த நீரைக் கொட்டாமல் அப்படியே பம்பை இயக்கினால், அந்த நீர் முழுவதும் மீன்கள் மீது போய்ச் சேரும்.

கோபுரத்திலிருந்து வந்த வளையம்

கேனிஸ்டரோடு பரவிய முதல் சிறப்பு ஊடகம் பீங்கான் வளையம். உயரமும் விட்டமும் ஏறக்குறைய சமமான இந்தக் குட்டைக் குழாய், மீன் வளர்ப்போர் கண்டுபிடித்ததல்ல. ஜெர்மன் வேதியியலாளர் ஃபிரிட்ஸ் ராஷிக் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காய்ச்சி வடிக்கும் கோபுரங்களுக்காக உருவாக்கிய ராஷிக் வளையமே அது. கோபுரத்தில் தாறுமாறாகக் கொட்டினாலும் இடைவெளி அடையாமல், ஆவியும் திரவமும் ஒன்றையொன்று சந்திக்கச் செய்வதே அதன் வேலை. வழுவழுப்பான பீங்கான் வளையத்தின் பரப்பு அதிகமில்லை. மீன்தொட்டியில் அதன் உண்மையான பயன், நீரைப் பிரித்துக் கலன் முழுவதும் சீராகப் பரப்புவதும் பெரிய துகள்களைத் தடுப்பதும்தான். கலனின் முதல் தட்டில் அது நன்றாக வேலை செய்கிறது; அதை உயிரியல் ஊடகம் என்று நம்பிக் கலன் முழுவதும் நிரப்பியவர்களும் உண்டு.

பிளாஸ்டிக் பந்தின் கதை இன்னும் தெளிவானது. 1986-இல் ஜார்ஜ் ஸ்மிட் அமெரிக்க மீன்வளர்ப்பு இதழொன்றில் எழுதிய தொடர், சொட்டு வடிகட்டியைக் கடல்தொட்டிக்காரர்களிடையே பிரபலமாக்கியது. முள்முள்ளான பிளாஸ்டிக் பந்துகள் நிறைந்த பெட்டியில் மேலிருந்து நீர் சொட்டும், பந்துகளின் மேல் மெல்லிய படலமாக வழியும், சுற்றிலும் காற்று. பந்தின் பரப்பு சிறியது, ஆனால் ஆக்சிஜனுக்குப் பஞ்சமில்லாததால் அது அபாரமாக வேலை செய்தது. அந்தப் பெயரோடு பந்து கேனிஸ்டருக்குள்ளும் விற்கப்பட்டது. அங்கே அது முழுவதும் நீரில் மூழ்கிக் கிடந்தது. சுற்றிலும் காற்று இல்லை. இருந்த ஒரே நன்மையை வெளியே விட்டுவிட்டுக் குறைந்த பரப்பை மட்டும் உள்ளே கொண்டுவந்ததாயிற்று.

நார்வேயிலிருந்து வந்த சக்கர வடிவப் பிளாஸ்டிக் துண்டுக்கும் இதே கதிதான். வட கடலில் சேரும் நைட்ரஜனைக் குறைக்க வேண்டிய தேவையால், 1980களின் இறுதியில் டிரான்ஹைம் நகரப் பேராசிரியர் ஹால்வார்டு ஓடெகார்டும் கால்ட்னெஸ் நிறுவனமும் நகரும் படுக்கை முறையை உருவாக்கினர். நீரைவிடச் சற்றே இலேசான பாலிஎத்திலீன் துண்டுகள் காற்றோட்டத்தால் இடைவிடாமல் உருண்டு புரளும். புரளும்போது வெளிப்புறப் படலம் உராய்ந்து உதிர, உட்புறத்தில் மெல்லிய, சுறுசுறுப்பான படலம் மட்டும் தங்கும். கே1 என்ற வகையின் பயன்படு பரப்பு கன மீட்டருக்கு 500 சதுர மீட்டர், அதாவது லிட்டருக்கு அரைச் சதுர மீட்டர் மட்டுமே. அந்த அரைச் சதுர மீட்டரை வைத்துக்கொண்டு நகரங்களின் கழிவுநீர் சுத்திகரிக்கப்படுகிறது. கேனிஸ்டர் தட்டில் இறுக அடைத்தால் அது புரளாது; புரளாத கே1 வெறும் பிளாஸ்டிக்.

270 சதுர மீட்டரின் கணக்கு

1980களில் நுண்துளைக் கண்ணாடி வந்தது. ஜெர்மனியின் மைன்ஸ் நகரிலுள்ள ஷாட் கண்ணாடி நிறுவனத்தின் சிபோராக்ஸ் இவற்றுள் புகழ்பெற்றது. கண்ணாடித் தூளோடு உப்பைக் கலந்து சுட்டு, பின் உப்பைக் கரைத்து நீக்கினால் ஒன்றோடொன்று இணைந்த துளைகள் கொண்ட கண்ணாடி கிடைக்கும். நொதிகளையும் உயிரணுக்களையும் தாங்கும் பொருளாக உயிர்வினைக் கலன்களிலும் இவ்வகைக் கண்ணாடி பயன்பட்டது. மீன்தொட்டிச் சந்தையில் சிபோராக்ஸுக்குச் சொல்லப்பட்ட பரப்பு லிட்டருக்கு 270 சதுர மீட்டர். பின்னர் வந்த போட்டிப் பொருள்கள் 450, 700 என்று ஏறின. ஒரு லிட்டர் பொட்டலத்தில் ஒரு டென்னிஸ் ஆடுகளம் என்ற படிமம் யாரையும் கவரும்.

இந்த எண்கள் பொய்யல்ல. ஆனால் எதை அளக்கின்றன என்பது கேள்வி. நுண்துளைப் பொருளின் உட்பரப்பை அளக்கும் வழக்கமான முறை, 1938-இல் புருனாவர், எம்மெட், டெல்லர் ஆகியோர் வகுத்தது; நைட்ரஜன் வாயு மூலக்கூறுகள் பரப்பில் எவ்வளவு ஒட்டுகின்றன என்பதை அது கணக்கிடுகிறது. நைட்ரஜன் மூலக்கூறு ஒரு நானோமீட்டரிலும் சிறியது. பாக்டீரியா ஏறக்குறைய ஒரு மைக்ரோமீட்டர், அதாவது ஆயிரம் மடங்குக்கும் மேல் பெரியது. வாயு நுழையும் துளையெல்லாம் பாக்டீரியாவுக்கு வீடாகாது.

இதை ஒரு சிறு கணக்கால் சரிபார்க்கலாம். பாக்டீரியாக்கள் தனியே ஒட்டுவதில்லை. பிசுபிசுப்பான உயிர்ப்படலமாக வாழ்கின்றன. மிக மெல்லியதாக 10 மைக்ரோமீட்டர் படலம் என்று வைத்துக்கொண்டால், 270 சதுர மீட்டரில் அதன் கன அளவு 2.7 லிட்டர். ஒரு லிட்டர் ஊடகத்துக்குள் 2.7 லிட்டர் படலம் அடங்காது. நீருக்கும் கண்ணாடிக்கும் இடமே இருக்காது. ஆகவே அந்தப் பரப்பின் மிகச் சிறிய பங்கே உண்மையில் குடியிருப்பு. அதிலும் ஆழத் துளைகளுக்குள் நீரோட்டம் இல்லை. ஆக்சிஜன் மெல்லப் பரவித்தான் போக வேண்டும். வழியிலுள்ள பாக்டீரியாக்கள் அதை உண்டுவிடுவதால், பரப்பிலிருந்து ஒரு மில்லிமீட்டரின் சிறு பகுதி ஆழத்திலேயே அது தீர்ந்துபோகிறது.

எவ்வளவு பரப்புத் தேவை என்பதையும் மதிப்பிடலாம். 200 லிட்டர் தொட்டியில் நாளொன்றுக்கு 2 கிராம் உணவு இடப்படுகிறது என்று கொள்வோம். புரதம் மிகுந்த உணவின் எடையில் ஏறக்குறைய 3 விழுக்காடு அம்மோனியா நைட்ரஜனாக நீரில் சேரும் என்பது மீன்வளர்ப்புத் துறையின் நடைமுறைக் கணக்கு. அதாவது 60 மில்லிகிராம். மீன்பண்ணை வடிகட்டிகளில் ஒரு சதுர மீட்டர் படலம் நாளுக்கு 0.2 முதல் 0.5 கிராம் அளவில் மாற்றுகிறது. வீட்டுத் தொட்டியில் அம்மோனியா மிகக் குறைவாக இருப்பதால் வேகமும் குறையும், 0.05 கிராம் என்று தாராளமாகக் குறைத்துக்கொண்டாலும், தேவைப்படுவது 1.2 சதுர மீட்டர். 5 மில்லிமீட்டர் சரளை ஒரு லிட்டரில் ஏறக்குறைய 0.7 சதுர மீட்டர் வெளிப்பரப்பு இருக்கிறது. இரண்டு லிட்டர் சாதாரணச் சரளையே போதும். 270-ஆ 700-ஆ என்ற விவாதம் தேவைக்கு நூறு மடங்கு மேலே நடக்கிறது.

உற்பத்தியாளர்கள் சொல்லும் மற்றொரு நன்மை, ஆக்சிஜன் எட்டாத ஆழத் துளைகளில் வேறு பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றும் என்பது. கொள்கையளவில் இது நடக்கக்கூடியதே. ஆனால் அந்தப் பாக்டீரியாக்களுக்கு எளிதில் சிதையும் கரிமப் பொருள் உணவாக வேண்டும். அது துளையின் வாயிலேயே மற்றவற்றால் தின்னப்பட்டுவிடும். நைட்ரேட்டைக் குறைக்க நீர் மாற்றத்தையும் தாவரத்தையும் நம்புவதே பெரும்பாலான நன்னீர்த் தொட்டிகளில் உறுதியான வழி.

யார் குடியிருக்கிறார்கள்

ஊடகத்தில் வாழ்வது யார் என்ற கேள்விக்கு வினோகிராட்ஸ்கியின் இரண்டு பெயர்களே ஒரு நூற்றாண்டு விடையாக இருந்தன. மரபணு முறைகள் வந்த பின் அது ஆட்டம் கண்டது. 1996-இல் டிமோத்தி ஹோவானெக்கும் எட்வர்டு டிலாங்கும் நன்னீர்த் தொட்டிகளை ஆராய்ந்தபோது, எதிர்பார்த்த அம்மோனியா பாக்டீரியாக்கள் அங்கே குறிப்பிடத்தக்க அளவில் இல்லை. 1998-இல் ஹோவானெக் குழுவினர், நன்னீர்த் தொட்டிகளில் நைட்ரைட்டை மாற்றுவது நைட்ரோபாக்டர் அல்ல, நைட்ரோஸ்பைரா வகையினது என்று காட்டினர்.

2005-இல் வந்தது இன்னொரு அதிர்ச்சி. அமெரிக்காவின் சியாட்டில் காட்சியகத்தில் வெப்பமண்டலக் கடல்தொட்டி ஒன்றிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ஓர் உயிர், அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றி வாழ்ந்தது. ஆனால் அது பாக்டீரியாவே அல்ல, ஆர்க்கியா என்னும் வேறு பெரும்பிரிவைச் சேர்ந்தது. நைட்ரோசோபியூமிலஸ் மாரிட்டிமஸ் எனப் பெயரிடப்பட்ட இதன் உறவினங்கள் பெருங்கடல்களில் மிகப் பரவலாக வாழ்கின்றன. 2011-இல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தினர் வெளியிட்ட ஆய்வு, பல நன்னீர்த் தொட்டி வடிகட்டிகளிலும் அம்மோனியா மாற்றிகளில் ஆர்க்கியாவே மிகுதி என்றது. நான்கு ஆண்டுகள் கழித்து, நெதர்லாந்தின் நைமேகன் நகர ஆய்வாளர்கள் நீர்ச்சுழற்சி மீன்வளர்ப்பு அமைப்பொன்றின் வடிகட்டியிலிருந்து, அம்மோனியாவிலிருந்து நைட்ரேட் வரை இரண்டு படிகளையும் தானே செய்துமுடிக்கும் நைட்ரோஸ்பைரா வகைகளை வளர்த்தெடுத்தனர். அதே வேளையில் வேறொரு குழு, ரஷ்யாவின் ஆழ்துளைக் கிணற்று வெந்நீர்க் குழாயில் இத்தகைய இன்னோர் உயிரைக் கண்டது. மகன் வாரிங்டன் பிரித்துக் காட்டிய இரண்டு படிகளை ஒரே உயிரும் செய்யக்கூடும் என்பது 136 ஆண்டுகளுக்குப் பின் தெரியவந்தது. தெரியவந்த இடங்களுள் ஒன்று மீன் வடிகட்டி.

இந்த உயிர்களுள் பல, மிகக் குறைந்த அம்மோனியாவிலும் வாழக்கூடியவை, மெல்ல வளர்பவை. நன்கு பழகிய தொட்டியில் இவை மேலோங்குவதற்கு அதுவே காரணமாகக் கருதப்படுகிறது.

கலனை நிரப்புதல்

மேற்கண்ட வரலாற்றை வைத்துப் பார்த்தால், கேனிஸ்டருக்கான ஊடகத்தில் முதலில் பார்க்க வேண்டியது நீர் தடையின்றி அதனூடே பாய்கிறதா என்பதாகும். அடுத்தது, மாதங்கள் கழிந்தாலும் அடைபடாமல் இருக்குமா என்பது. பரப்பு அதன் பிறகே. இந்த வரிசையில் வைத்தால், மிகவும் குறைத்து மதிப்பிடப்படும் பொருள் நுரைப்பஞ்சு. அதன் திறந்த வலைக்கண்களில் நீர் எல்லாப் பக்கமும் ஓடுகிறது, கைகளால் பிழிந்து கழுவலாம், விலையும் சொற்பம். ஜெர்மனியில் ஹாம்பர்க் பாய் வடிகட்டி எனப்படும் முறையில் தொட்டியின் ஒரு பக்கச் சுவர் முழுவதும் பஞ்சுப் பாய்தான். வேறு ஊடகமே இல்லை.

எரிமலைக்கல்லும் நுரைக்கல்லும் கரடுமுரடான வெளிப்பரப்பால் பயன்தருபவை. தோட்டப் பொருள் கடையில் கிடைப்பவற்றைக் கழுவிப் பயன்படுத்தலாம். நுண்துளைக் கண்ணாடியும் நல்ல ஊடகமே, முன்னால் பஞ்சு இருந்து சேறு அதன் துளைகளை மூடாதவரை. பவளச் சரளையைக் கலனில் இடுவோர் அது மெல்லக் கரைந்து நீரின் காரத்தன்மையைக் கூட்டும் என்பதை அறிந்தே இட வேண்டும். ஆப்பிரிக்க ஏரி மீன்களுக்கு அது நன்மை. மென்னீரை விரும்பும் அமேசான் மீன்களுக்குத் தீமை. மறுபுறம், ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் மாற்றப்படும்போது ஏறக்குறைய 7 மில்லிகிராம் சுண்ணாம்புக்குச் சமமான காரத்தன்மை செலவாகிறது. மென்னீர்த் தொட்டியில் நீர் மாற்றாமலே விட்டால் நீர் அமிலமாகி, நைட்ரேற்றம் தானாக நின்றுவிடும். எந்த ஊடகமும் அதைத் தடுக்காது.

கழுவும் முறையில் ஊடகத் தேர்வைவிட அதிகம் இழக்கலாம். குளோரின் கலந்த குழாய் நீரில் எல்லாத் தட்டுகளையும் ஒரே நாளில் அலசினால், குடியிருப்பில் பெரும்பகுதி அழியும். தொட்டியிலிருந்து எடுத்த நீரில், பஞ்சை அடிக்கடியும் உயிரியல் ஊடகத்தை அரிதாகவும் அலசுவதே வழக்கம். புதிய கேனிஸ்டர் வாங்கியவர்கள், நோயற்ற பழைய தொட்டி ஒன்றின் பஞ்சைப் புதிய கலனுக்குள் பிழிந்து விடுவதுண்டு. ஷ்லோசிங்கும் முன்ட்ஸும் தங்கள் குழாயில் தோட்ட மண் கழுவிய நீரை ஊற்றியதும் இதற்காகத்தான்.